அளவுக்கு நின்ற ஆள்

குஃப்த் ஊரில் பக்கீத்தின் கைக்குத் தனி மரியாதை உண்டு. மண்ணுக்குள் புதைந்த மண்சுவர் எங்கே முடிகிறது, வெறும் மண் எங்கே தொடங்குகிறது என்பது படித்தவர்கள் கண்ணுக்கே தட்டுப்படாது. பக்கீத் மண்வெட்டியால் மெல்லச் சுரண்டுவார், உள்ளங்கையால் தடவுவார், "இதான் சுவரு" என்பார். அவ்வளவுதான். அவருடைய அப்பாவும் பழங்காலச் சின்னங்களைத் தோண்டியெடுத்தவர்தான். எகிப்தில் எந்த நாட்டுக்காரன் தோண்ட வந்தாலும் முதலில் குஃப்துக்குத்தான் ஆள் அனுப்புவான்.

இருபத்திரண்டு வருடம் அவர் ஒரே துரையிடம் மேஸ்திரி. பழைய எகிப்தைத் தோண்டும் முறையையே மாற்றியவர் என்று அந்தத் துரைக்கு உலகமெல்லாம் பேர். துரை காய்ச்சலில் கிடந்த வருடம், பாலைவன ஓரத்தில் ஒரு பழங்கோயிலின் வெளிச்சுவரைப் பக்கீத் தனியாகவே கண்டுபிடித்து, ஒரு கல் சிதையாமல் நாற்பது முழம் வெளியே கொண்டுவந்தார். துரை எழுந்து வந்து பார்த்துவிட்டு, அவரைச் சுவரோரம் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு, "புத்தகத்துல உன் பேரு வரும் பக்கீத்" என்றார். பக்கீத் அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை.

மூன்று வருடம் கழித்துப் புத்தகம் வந்தது. மைத்துனன் ஷஹாத்தா பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் தெரிந்தவன். அவன் படிப்பதைக் கேட்க வீடு கொள்ளாத கூட்டம். படத்தில் சுவர் இருந்தது. சுவரோரம் பக்கீத் விறைப்பாக நின்றிருந்தார்.

"கீழ என்னடா போட்டிருக்கு?"

ஷஹாத்தா புத்தகத்தை மூடப் போனான். "விடுங்க மச்சான்."

"படிடா!"

"'நான் கண்டுபிடித்த சுவர். உயரம் தெரிவதற்காக ஓர் ஆள் நிறுத்தப்பட்டுள்ளான்.'"

பக்கீத்தின் மனைவி நபவிய்யா ரொட்டித் தட்டை டொக்கென்று வைத்தாள். "ஆளா? ஏன், அந்த மனுசனுக்கு ஒட்டகம் கெடைக்கலையாமா?"

யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்கள்? உடைந்த பானை ஓட்டுக்கெல்லாம் நம்பர் போட்டு நானூறு பக்கம் எழுதியவருக்கு, ஒரு மனிதன் பேரை எழுத மட்டும் மை தீர்ந்துபோயிற்றாம்! வயிறு எரியாதா?

அடுத்த குளிர்காலத்தில் துரை புதுக் குழியருகே கேமராவை நிறுத்தினார். "பக்கீத், சுவரோரம் போய் நில்லு."

"எம் பேரப் போடுவீங்களா?"

"அதுக்கெல்லாம் எடம் இருக்காதுப்பா."

பக்கீத் அளவுக்குச்சியை எடுத்துச் சுவரோரம் ஊன்றிவிட்டு மேலே ஏறி வந்தார். துரைக்கு முகம் சிவந்தது. ஆனாலும் படம் எடுத்துக்கொண்டார். பிறகு குழியைக் காட்டி, "சரி, இதுக்கப்புறம் சுவரு எந்தப் பக்கம் திரும்புது?" என்று கேட்டார்.

பக்கீத் அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"குச்சியத்தான நிக்க வெச்சுப் படம் புடிச்சீங்க? அதையே கேளுங்க துரை."