அண்ணன் வளர்க்கும் ஈரம்

கால் கட்டைவிரலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் அண்ணன். பல் விளக்குவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, விரலைப் பாத்திக்குள் மெல்ல இறக்குவார். சேறு நகத்துக்கு மேலே ஏறினால் முகம் மலரும். ஏறாவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல வார்த்தை கிடையாது. வீட்டில் யாரும் என்றால் தங்கை ஒருத்திதான். தலை நரைத்தும் அவருக்கு அவள் இன்னமும் 'பாப்பா'.

பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். விளிம்பு நொறுங்கிய பிஸ்கட்டைத் தூக்கி எறிந்தே காலத்தை ஓட்டியவர், இப்போது மனதைப் பறிகொடுத்திருப்பது விளிம்பே சரியில்லாத ஒரு பூவிடம். வெளிர் ரோஜா நிறம். ஒவ்வொரு இதழும் கிழிந்து நூல் நூலாகத் தொங்கும். தையல்காரியான தங்கையின் கண்ணுக்கு, மழுங்கிய கத்தரியால் வெட்டிய துணி அது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் சாக்கடை ஓரத்தில் அதே பூ கும்பல் கும்பலாக, கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறது. அங்கிருந்து பிடுங்கி வந்ததுதான். சொன்னால் பொல்லாத கோபம் வரும். "அது சும்மா முளைச்சது. இது நான் வளர்த்தது" என்பார்.

செடிக்குக் கால் எப்போதும் நனைந்திருக்க வேண்டுமாம். தண்டு காய்ந்தாலும் வேர் சாகாதாம், வருஷா வருஷம் தானாகத் தளிர்க்குமாம். மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூட வாசலில் நிறுத்திவைத்து இதைச் சொல்வார். அந்தக் கால் நனைவதற்காக, மாடித் தொட்டி நிரம்பி வழிகிற குழாயை நடுவில் அறுத்துப் பாத்திக்குள் திருப்பிவிட்டிருக்கிறார். தொட்டி நிரம்பினாலும் மோட்டாரை நிறுத்த மாட்டார். பாத்தியை ஒட்டி நிற்பது தங்கையின் அறைச் சுவர்.

புருஷன் போன பிறகு ஒரு தையல் மிஷினோடு வந்து சேர்ந்தவள் அவள். படுக்கை, அலமாரி, பிழைப்பு எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். சுவர் முதலில் வியர்த்தது. பிறகு சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது. டப்பாவிலிருந்த ஊசிகள் துருப்பிடித்தன. அவள் சண்டைக்குப் போகவில்லை. பாத்தியை எதிர்ப்பக்கச் சுவரோரம் மாற்றிக்கொள்ளும்படி கேட்டாள், அவ்வளவுதான். அங்கேயும் இதே நிழல்தான். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் அண்ணனின் கட்டில் கிடக்கிறது.

"எனக்கு ஈரம் ஒத்துக்காது பாப்பா. சளி கட்டிக்கும்."

"எனக்கு மட்டும் ஒத்துக்குமா?"

"உனக்கு ஒண்ணுன்னா நீ வாய்விட்டுச் சொல்லுவே. அது வாயில்லா ஜீவன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அண்ணன். நிஜக் கண்ணீர்தான். அவருக்கு அது சுலபமாக வரும்.

இந்த நிலையில்தான், பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரின் மனைவி தன் மகளின் கல்யாண உடுப்புக்கு வெள்ளைப் பட்டுக் கொடுத்தாள். இது நன்றாக அமைந்துவிட்டால் அவர்கள் சொந்தபந்தத்தின் துணியெல்லாம் தங்கை கைக்கே வரும் என்று பேச்சு. கண் பூத்துப்போகிற அளவுக்குத் தைத்து, பதமாக மடித்து அலமாரியில் வைத்தாள். நடுவில் அடைமழை பிடித்துக்கொண்டது. வாங்கிப்போக அந்த அம்மாள் வந்த அன்று மடிப்பைப் பிரித்தால், முதுகு நெடுகக் கறுப்புப் புள்ளி. பூஞ்சை.

அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இதை எப்படிம்மா என் பொண்ணுக்குப் போட்டுவிடுவேன்? உன் கையை நம்பித்தானே குடுத்தேன்."

பட்டு உடுப்பை அங்கேயே போட்டுவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த மற்ற துணிகளை வாரிக்கொண்டு வெளியே வந்தாள். அங்கே அண்ணன் காத்திருந்தார். இந்த மழைக்கு விட்ட புது மொட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் நிற்கவே இல்லை. ரசனை கெட்ட ஜனம் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

தங்கை பட்டை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். இந்தத் தெருவில் இனி யார் தன்னை நம்பித் துணி கொடுப்பார்கள் என்று கேட்டாள்.

"குழாயையாவது திருப்பி விடுங்க அண்ணா. இதைத் தவிர எனக்கு வேற தொழில் தெரியாது."

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை வருடினார். கூடப்பிறந்தவள் கண் கலங்கினால் தன் நெஞ்சே வெடித்துவிடும் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் பொங்கியது. துடைத்துக்கொள்ளக் கைக்கு அகப்பட்டது பட்டின் நுனி. துடைத்தவர், சட்டென்று நிறுத்தினார். நனைந்த இடத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார்.

"ஈரத்தை நல்லாப் பிடிச்சு வெச்சுக்குதே" என்றார்.

அவள் மடியிலிருந்து அதை மெல்ல உருவிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். சேற்றில் மண்டி போட்டு, கல்யாணப் பட்டைக் குழாய்த் தண்ணீரில் முக்கி, பிழியாமல், செடியின் அடியைச் சுற்றி வளைத்து, குழந்தைக்குப் போர்த்திவிடுவதுபோல ஓரங்களைச் செருகிக்கொண்டிருந்தார் அண்ணன்.