பொட்டு படுத்த தலைப்பாகை

பக்கத்து வீட்டு எஸ்தர் பெங்களூரிலிருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்திருக்கிறாள். சின்ன ஜாதி, எவ்வளவு வளர்ந்தாலும் முழங்காலைத் தாண்டாதாம். முகத்தைவிடக் காது பெரிதாக இருக்கிறது. வந்ததிலிருந்து ஓயாமல் அழுகிறது. நேற்று மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"ஆயாம்மா, நீங்க பங்களாவுல இருந்தவங்க. இன்னா பண்ணா இது தூங்கும்? சொல்லுங்க."

தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் இந்தக் கோரமண்டல் லைனில் எல்லோருக்கும் நான் ஆயாம்மாதான். வயதுக்காக வந்த பெயர் இல்லை, பார்த்த வேலைக்காக வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாலை வெதுவெதுப்பாகக் கொடு, சில்லென்ற தரையில் விடாதே, சாக்கை மடித்துப் போடு. கடைசியில், "ஒன் வூட்டுக்காரர் போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு எடுத்துக்கினு வா. தோய்ச்சது வேணாம்" என்றேன். ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். வேர்வையும் சுரங்கத்து ஈர மண்ணும் கலந்த வாசனை. குப்பென்று ஏறியது. சட்டையை அவள் மேலேயே வீசி, "எடுத்துக்கினு போ" என்று கத்திவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்யும்? முகம் சுண்டிப் போய்விட்டாள். பிறகு நானே போய் இரண்டு முறுக்கு கொடுத்துச் சமாதானம் செய்துவிட்டு வந்தேன்.

கோபம் எஸ்தர் மேல் இல்லை. நாற்பது வருஷத்துக் கோபம் அது. என் புருஷன் தேவசகாயம் உயிரோடு இருந்தபோது, "ஒன் கோவத்த அடுப்புல வெச்சா ஒரு வாரத்துக்கு வெறகு வாணாம்மே" என்பார். இப்போது கேட்டால் வாரக் கணக்குப் போதாது என்பார்.

மின்சாரம் வருவதற்கு முந்தைய காலம். மூங்கில் தட்டி வீடுகள். சுவர் என்றாலும் தட்டி, கதவு என்றாலும் தட்டி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நாலு வீடு தள்ளி ஆண்டவர் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். தேவசகாயத்துக்குச் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. தலைப்பாகையில் ஒரு களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குவார்கள். வெளிச்சம் அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் கேட்டில் சோதனை. வாயைத் திற, கையைத் தூக்கு, தலைப்பாகையை அவிழ். நாங்கள் தங்கத்தைத் தலையில் சுருட்டிக்கொண்டு போய்விடுவோமாம்! அத்தனை நீளத் துணியையும் உதறிப் பார்த்துவிட்டுத் தரையில் போடுவான் கேட்காரன். அதைப் பொறுக்கி அங்கேயே மறுபடி கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. தேவசகாயம் கட்ட மாட்டார். கையில் சுருட்டிக்கொண்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு வந்து அதை மூலையில் எறிவார். அப்புறம்தான் தண்ணீர் கேட்பார்.

நான் ஒரு துரை பங்களாவில் ஆயா. சோதனைக் கேட்டெல்லாம் அந்தத் துரையின் அதிகாரத்தில்தான் இருந்தது. எந்தக் கம்பெனி, எந்தத் துரை என்று கேட்காதீர்கள், பெயரைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. துரைசானிக்குக் குழந்தை இல்லை. சீமையிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டையான வெள்ளை நாயைத்தான் குழந்தையாக வைத்திருந்தாள். ஆயா வேலை என்றால் அந்த நாய்க்கு ஆயா வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் நாய்க்குத் தலை வாரத்தான் உதவியது.

அது குட்டி போட்டது. கடைசியாக வந்தது எலி மாதிரி இருந்தது. பின்னங்கால் ஒன்று உள்பக்கம் மடங்கியிருந்தது. துரை பார்த்தார், வாளியைக் காட்டினார். பட்லர் அந்தோணி வாளியில் தண்ணீரை நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் குட்டியை முந்தானையில் வாரிக்கொண்டேன். "அம்மா, நான் எடுத்துக்கினு போவட்டா?" என்று துரைசானியிடம் கேட்டேன். அவள் பங்களாத் தமிழில் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"எடுத்து போ. எனக்கு வேணாம். திரும்பி கொண்டு வராதே."

அது அந்தோணி காதில் விழுந்தது. துரை காதிலும் விழுந்தது. பங்களா வாசலில் கேட்காரன் வழக்கம்போல என் முந்தானையை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்துக் காட்டினேன். "த்தூ, இத்தயா தூக்கிக்கினு போற?" என்று சிரித்தான். ஆக, அவனும் பார்த்தான்.

தேவசகாயம் குனிந்து பார்த்து, "இன்னாமே இது, எலியா?" என்றார்.

"நாய்தாங்க. சீமை நாயி."

"சீமை நாயா? அதுக்கு நம்ம வூட்டுக் களி எறங்குமா?"

இறங்கவில்லை. எதிர் வீட்டு ஆட்டுப் பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்தேன். சாக்குப் போட்டேன், பழைய புடவையைப் போட்டேன், கூடையில் வைத்தேன், மடியில் வைத்தேன். எதிலும் நிற்கவில்லை, அழுகைதான். உடம்போ விரல் பருமன், தொண்டை மட்டும் சுரங்கத்துச் சங்கு. லைனே எழுந்துவிட்டது. அப்போது அவருக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வந்தவர் வழக்கம்போலத் தலைப்பாகையை மூலையில் எறிந்தார். குட்டி தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போய் அந்தத் துணிக்குள் புகுந்தது. ஒரு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருக்கிறது! வேர்வை, ஈர மண், மெழுகு, வெடிமருந்துப் புகை எல்லாம் ஏறிய துணி. அதில் என்ன கண்டதோ.

அன்று பகல் முழுக்க இரண்டு பேரும் தூங்கினார்கள், அவர் பாயில், அது தலைப்பாகையில். நான்தான் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு சோற்றைக் கருகவிட்டேன்.

சுத்தக்காரி என்று எனக்கு நினைப்பு. அதனால் தலைப்பாகையை ஒருமுறை நன்றாகத் துவைத்துக் காயப்போட்டேன். வெளுத்த துணியைப் போட்டதும் குட்டி பழையபடி ஆரம்பித்துவிட்டது. "யார் ஒன்னத் தோய்க்கச் சொன்னா?" என்று அவர் சிரித்தார். இன்னொன்றும் இருந்தது. பாறை இடிக்கிற மில் அல்லும் பகலும் திம் திம் என்று இடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் அதைக் கேட்பதே இல்லை. மில்லை நிறுத்திக் கழுவும் நாளில்தான், என்னவோ குறைகிறதே என்று காது தேடும். அந்த நாட்களில் குட்டிக்கும் தூக்கம் வராது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மரப்பெட்டியில் விரலால் மில் மாதிரியே தட்டுவார். சோதனைக் கேட்டில் கல்லாக நின்றுவிட்டு வருகிற மனுஷன், ஒரு நாய்க்குட்டிக்காக மில் ஓட்டுவார்.

நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர் வைத்தோம். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டில் பொட்டு வைத்தது அது ஒன்றுதான் என்று லைனில் கேலி. மடங்கிய காலை நல்லெண்ணெய் போட்டு தினமும் நீவிவிட்டேன். முதலில் இழுத்தது, பிறகு ஊன்றியது, பிறகு ஓடியது. ஷிப்ட் விடும் சங்கு ஊதினால் தெருமுனைவரை ஓடிப்போய் அவரோடு வரும். "ஒன் தலையில மட்டும் எவனும் கை வெக்க மாட்டான்டா" என்று அதனிடம் சொல்வார். அதை அவர் தப்பாகச் சொல்லிவிட்டார்.

பங்களாவில் மற்ற குட்டிகளும் தாயும் ஏதோ சீக்கு வந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கொஞ்ச நாளில் பிளேக் பயம் வந்தது. வீடுகளைச் சோதிக்கத் துரை லைனுக்கு வந்தார். எங்கள் வாசலில் ஒரு வெள்ளை நாய் நேராக நாலு காலில் நின்று அவரைப் பார்த்துக் குரைத்தது. துரை நின்றுவிட்டார். மறுநாள் நாயோடு பங்களாவுக்கு வரச் சொல்லி உத்தரவு.

தட்டி வீட்டில் சீமை நாய் இருந்தால் துரைக்கு வேறு என்ன தோன்றும்? திருட்டு. எங்களிடம் நல்லதாக ஒன்று இருந்தாலே அது திருட்டுத்தான். அவர் கையால் வாளியைக் காட்டியதே அவருக்கு நினைவில்லை. மறுநாள் பங்களாவில் நான் துரைசானி முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னால் போதும். 'நான்தான் கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை. பொட்டு அவள் பாவாடையை மோந்து பார்த்து வாலை ஆட்டியது. அவள் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் ஆயாகிட்ட வளக்க குடுத்தது. ஆயா நல்லா வளத்தாச்சி."

பார்த்தீர்களா? திருடி என்கிற பட்டத்திலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டாள்! அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும். இல்லை அம்மா, நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்று நான் சொன்னால் துரைசானி பொய்க்காரியாகிறாள். பொய்க்காரியாக்கினால் தேவசகாயத்தின் வேலைச் சீட்டைக் கிழிப்பார்கள், வீடும் கம்பெனி வீடு, அதுவும் போகும். கேட்காரன் வானத்தைப் பார்த்தான். அந்தோணி தரையைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தேவசகாயம் என்னைத் திட்டவில்லை. "கேட்டுல வாயத் தொறன்னு வெரல வுட்டுப் பாப்பான். அப்பக்கூட இப்பிடி இல்லமே" என்றார், அவ்வளவுதான்.

பங்களாவில் பொட்டுக்குப் புதுப் பெயர் பிரின்ஸ். பட்டு மெத்தை, வெந்நீர்ப் புட்டி, தூங்க வைக்கத் தலைமாட்டில் டிக் டிக் என்று ஒரு கடிகாரம். ஆனால் தின்னவில்லை, தூங்கவில்லை. எனக்குள் ஒரு பேய் ஆனந்தம், ஒளிக்க மாட்டேன். நன்றாக அழு, அவள் காது கிழியட்டும் என்று நினைத்தேன். ஆயா, இதைத் தூங்க வை என்றாள். எனக்குத் தெரியாது அம்மா என்று சொல்லிவிட்டு வெள்ளி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நாளுக்கு நாள் அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. கண்ணில் பீளை கட்டிவிட்டது. அவளோடு எனக்கிருந்த சண்டையில் சாகப்போவது அவளா, அதுதானே? வீட்டுக்குப் போய் அவரிடம் ஓர் அழுக்குத் தலைப்பாகை கேட்டேன்.

"தலப்பாவயும் கேக்கறாளா?" என்றார்.  பிறகு அன்றைக்குக் கழற்றி எறிந்ததை எடுத்து, உதறாமல், மடித்துக் கொடுத்தார். "அதுக்குத்தான் குடுக்கறன். அவளுக்கு இல்ல."

பங்களா வாசலில் கேட்காரன் அதையும் அவிழ்க்கச் சொன்னான். வெளியே போகும்போது சரி, உள்ளே கொண்டுபோகும்போது என்ன இருக்கிறது பார்க்க? அவனுக்கு அது கை பழகிவிட்ட வேலை.

நான் நாயைத் தொடும் முன் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அதே வீட்டில், துரைசானி படுக்கிற அறையில், பட்டு மெத்தைமேல் என் புருஷன் வேர்வைத் துணியை விரித்தேன். அவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொட்டு தள்ளாடி வந்தது, மோந்தது, உள்ளே புகுந்து சுருண்டது. பெருமூச்சு ஒன்று விட்டுத் தூங்கிப்போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்தேன். அன்றைக்கு நான் கண்ணைத் தாழ்த்தவில்லை.

புத்தி வரவில்லை அவளுக்கு. ஆள்விட்டு அந்தத் தலைப்பாகையைச் சோப்புப் போட்டு வெளுத்தாள். மறுபடி அழுகை. மறுபடி அழுக்குத் தலைப்பாகை கேட்டு ஆள் வந்தது. "தொரை படுக்கற ரூமுல நம்ம அழுக்கு படுக்குதும்மே!" என்று தேவசகாயம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மழைக்கு முன்னால் அவர்கள் ஒரேயடியாகச் சீமைக்குக் கிளம்பினார்கள். நாய்க்கூடையைப் பிடித்துக்கொண்டு பவுரிங்பேட்டை வரை நானும் ரயிலில் போனேன். கூடைக்குள் தலைப்பாகை, அதற்குள் பொட்டு. மதராஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள், தேக்குப் பெட்டி, தகரப் பெட்டி, பூட்டுப் போட்டது, கயிறு கட்டியது. கடைசியில் கூடையை என் கையிலிருந்து வாங்கினார்கள். பொட்டு கம்பி இடுக்கில் மூக்கை நீட்டியது. வண்டி போய்விட்டது.

அந்த பங்களாவின் கூரை இப்போது இல்லை, உள்ளே வேலிமுள் முளைத்திருக்கிறது. அந்த மில் நின்று எத்தனையோ வருஷம். இப்போது அது இடிப்பதில்லை என்பதையே யாரும் கவனிப்பதில்லை. தலைப்பாகையில் மெழுகுவத்தி செருகுகிறவர் ஒருத்தரும் இல்லை, தொப்பியும் விளக்கும் வந்துவிட்டன. பவுரிங்பேட்டைக்குக்கூட இப்போது வேறு பெயர். தேவசகாயம் போய்ப் பல வருஷமாகிறது.

மதராஸ் வண்டி போன அன்று சாயங்காலம் அவர் ஷிப்ட் முடிந்து வந்தார். கேட்டில் அவிழ்த்த புதுத் துணி கையில் சுருண்டிருந்தது. மூலையில் எறியப் போனவர், அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்து நின்றார்.

"பழச திருப்பித் தரலியா?"

"கூடையோட போயிடுச்சிங்க."

"ஸ்டேஷன்ல அவங்க பொட்டியெல்லாம் அவுத்துப் பாத்தானுங்களா?"

"யாரும் பாக்கலிங்க."

அவர் தண்ணீர் கேட்கவில்லை.