பன்னிரண்டாவது கிலோமீட்டர்

ஒவ்வொரு வளைவிலும் பார்கவியின் வலது கால் தானாக அழுந்துகிறது. மலை ஓட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போகும் வேனில் அவர் உட்கார்ந்திருப்பது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அங்கே பிரேக் கிடையாது. இருந்தாலும் அழுத்துகிறார். "தேர்டுக்கு வாங்கண்ணா, ரோடு ஈரமாக் கீது." ஓட்டுநர் கியரை மாற்றிய பிறகுதான், யார் இந்த அம்மா என்று திரும்பிப் பார்க்கிறார்.

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருபவர் பார்கவி. வயது நாற்பத்தேழு. பிறந்து வளர்ந்தது சிவாஜிநகர். அவருடைய பழைய காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், அவர் பக்கம் ஒரு பிரேக். பின்னால் யாராவது ஹாரன் அடித்தால், "அது அவன் கஷ்டம். நீ உன் கியரப் பாரு" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் முப்பத்தொன்றாம் வயதில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது.

நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலையில் இடுப்பு பிடித்துக்கொள்ள, காலை வகுப்புக்கு முன் சாங்கி ஏரியைச் சுற்றி நடந்தார். பிறகு ஓடினார். வேகம் கிடையாது, நடுவில் நிற்பதும் கிடையாது. போகப்போக என்னையும் ஜெயலட்சுமியையும் சேர்த்துக்கொண்டார். ஜெயலட்சுமியும் அவரிடம் ஓட்டக் கற்றவள்தான்.

போன வருடம் மழைக்காலத்தில் மூவருமாகச் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு மலை ஓட்டத்துக்குப் போனோம். காப்பித் தோட்டம், ஓடை, சேறு என்று பதினெட்டு கிலோமீட்டர். பன்னிரண்டாவது கிலோமீட்டரைப் பத்து மணிக்குள் கடக்க வேண்டும். தவறினால் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஜெயலட்சுமி கடந்துவிட்டாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்த பார்கவியும் நானும் ஏழு நிமிடம் தாமதம். பெங்களூரு திரும்பியதும் முதல் வேலையாக அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுத்தார்.

இந்த வருடம் மழை இன்னும் பலம். காலை ஏழு மணிக்கு ஓடக் கிளம்பினோம். ஜெயலட்சுமி முதல் மேட்டிலேயே கண்ணுக்கு மறைந்தாள். பார்கவி கெண்டைக்காலில் ஏறிய அட்டைகளை உப்புப் பொட்டலத்தால் ஒற்றி உதிர்த்தபடி, "இதுங்களுக்கும் பசிக்கும்ல" என்று ஒரே சீராக ஓடினார். பதினோராவது கிலோமீட்டரில் செங்குத்தான செம்மண் சரிவு. மேலே ஒரு தன்னார்வலர் விசிலோடு நின்றிருந்தார். கீழே பார்த்தேன், கால் நகரவில்லை.

"கால பக்கவாட்டுல வை. செடியப் புடிக்காத, வேரோட வந்துரும்" என்றார் பார்கவி.

வைத்தேன். வழுக்கியது. மறுபடி அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நாற்பத்தெட்டு.

"லாவண்யா, உனக்கு அடி ஏதாச்சும் பட்டுச்சா?"

"இல்லக்கா. பயமா இருக்கு, அவ்ளோதான்."

"பயம்தானே? அப்ப நான் போறேன்."

"அக்கா!"

"விசில்காரர் இங்கதான் இருப்பாரு. உக்காந்து சறுக்கிக்கினே வா, ஒண்ணும் ஆவாது. கோவிச்சுக்கோ, பரவால்ல. ஆனா நான் போறேன்."

போய்விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தி நடுச்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாலும், பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர். நானும் அப்படி அழுதவள்தான். அந்தக் கோபத்திலேயே சேற்றில் உட்கார்ந்தேன், சறுக்கினேன். பாதிச் சரிவில், வீம்பாகக் கத்திக்கொண்டே போவது நான்தான் என்று தெரிந்து சிரிப்பு வந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரை நான் தொட்டபோது மணி பத்து ஒன்பது. பச்சைச் சட்டை போட்ட அம்மா போனாரா என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். "ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு" என்று சிரித்தார். ஷூவின் அடிப்பாகம் பாதி பிய்ந்து வாய் பிளந்திருந்ததாம். போதும் மேடம், ஜீப்பில் ஏறுங்கள் என்று சொல்லிப் பார்த்தாராம். "இல்லப்பா, ஹோக்தீனி", போகிறேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, தலைமுடி ரப்பரைக் கழற்றி ஷூவில் மாட்டிக்கொண்டு போயே விட்டாராம்.

ஜீப்பில் போய் இறங்கி, முடிவுக்கோட்டருகே ஜெயலட்சுமியோடு காத்திருந்தேன். அவள் எப்போதோ முடித்து, டீயும் குடித்திருந்தாள். பதினொன்றரைக்கு முடிவுக்கோட்டை மூடிவிடுவார்கள். பதினொன்று இருபது. இருபத்து மூன்று. காப்பிச் செடிகளுக்கு நடுவே யாரையும் காணோம். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பதினொன்று இருபத்தாறுக்கு வளைவில் ஒரு சேற்று உருவம் தெரிந்தது. முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு கால் தப் தப்பென்று அடித்தது. அதே வேகம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "அக்கா, அக்கா" என்று நாங்கள் போட்ட கூச்சலுக்குத் திரும்பாமல் கோட்டைக் கடந்தார்.

கட்டிப்பிடிக்க ஓடினேன். ஒரு கையால் என்னைத் தள்ளி நிறுத்தினார். எதிரே புகைப்படக்காரர் கேமராவை உயர்த்திக்கொண்டிருந்தார். பார்கவி நெஞ்சில் அப்பியிருந்த சேற்றை உள்ளங்கையால் வழித்தெறிந்து, சட்டையில் குத்தியிருந்த தன் ஓட்ட எண் முழுதாகத் தெரியும்படி நிமிர்ந்து நின்றார்.