சாக்கடலுக்குப் போய் வந்த உம்மு லைத்

ஜோர்டானின் ஸர்க்கா நகரில் என் மருந்துக்கடைக்கு எதிரே நாயிஃபின் டயர் பட்டறை. மூத்த மகன் பெயர் லைத். அதனால் ஊருக்கு அவர் அபு லைத், லைத்தின் அப்பா; மனைவி இந்திஸார் உம்மு லைத், லைத்தின் அம்மா. அந்த லைத், லிபியாவிலிருந்து இத்தாலிக்குப் படகேறப் போவதாக ஒரு மாலை போன் செய்தான். அதோடு சரி. மூன்று வருடமாக அந்தப் படகைப் பற்றியே தகவல் இல்லை.

பெருநாள் அன்று வாழ்த்துச் சொல்ல வரும் பிள்ளைகளின் சத்தத்தை அவர்களால் தாங்க முடியவில்லை. குவைத்தில் இருக்கும் மகள், இந்த முறை சாக்கடல் கரை ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தாள்.

"கடலுக்கா? உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றாள் இந்திஸார்.

"இது அந்தக் கடல் இல்ல. இதுல யாரும் முழுக முடியாது."

நாயிஃபுக்கு வேறொரு வேலையும் இருந்தது. உடல் கிடைக்காமல் இறந்தவர்களுக்கு நடத்தும் மறைவுத் தொழுகையை மகனுக்கு நடத்திவிடலாம் என்று பள்ளிவாசல் இமாம் சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொல்ல வேண்டும். வழியில் சொல்லலாம் என்று பாலைவனக் கோட்டைகள் வழியாகச் சுற்றிப் போனார்.

அஸ்ரக் கோட்டையின் கல்கதவை அவர் மூச்சுமுட்டத் தள்ளிக் காட்டியபோது, "உங்க பட்டறை ஷட்டரே இதைவிட ஈசியாத் திறக்கும்" என்று அவள் கேலிகூடச் செய்தாள். அந்தத் தைரியத்தில், அம்ரா கோட்டையில் நட்சத்திரம் தீட்டிய கூரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"உம்மு லைத், இமாம் ஒண்ணு சொன்னாரு..."

"தண்ணி பாட்டில கார்லயே வச்சிட்டேன்" என்று அவள் வெளியே நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை, அங்கியோடே சாக்கடலில் இறங்கினாள். தண்ணீர் அவளைத் தூக்கி மல்லாத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தவள், திடீரெனத் திரும்பி முகத்தை உள்ளே அமுக்கினாள். தண்ணீர் விடவில்லை. மறுபடி அமுக்கினாள். நாயிஃப் பதறிப் போய்க் கரைக்கு இழுத்து வந்து, உப்பு எரிந்த கண்களைக் கழுவிவிட்டார்.

"அவன் இந்தக் கடல்ல போயிருக்கக் கூடாதா?" என்றாள்.

சொல்ல இதுதான் நேரம் என்று அவர் வாயெடுப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த இர்பித் ஊர்க்காரி ஒருத்தி காப்பி நீட்டினாள்.

"உங்களை எப்படிக் கூப்பிடறது அக்கா?"

"உம்மு லைத்."

"லைத் என்ன பண்றான்?"

"ஜெர்மனில இருக்கான். பொண்ணு பார்த்தாச்சு."

"மாஷா அல்லாஹ்! நம்ம பொண்ணுதானே?"

"சிரியாக்காரி. நல்லாச் சமைப்பாளாம்."

நாயிஃப் எழுந்து போய்விட்டார். அறைக்கு வந்ததும், "எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டார்.

"வேற என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் தங்க வேண்டியவர்கள் அன்றே ஊர் திரும்பினார்கள். தொழுகை நடக்கவில்லை.

போன வாரம் இருவரும் என் கடைக்கு வந்தார்கள். இங்கே மருந்துக்கடைக்காரனையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டே, "கோடையில லைத்துக்குக் கல்யாணம், டாக்டர். வீட்டோட வந்துடணும்" என்றாள். நான் நாயிஃபைப் பார்த்தேன்.

அவர் தரையைப் பார்த்தபடி, "ஆமா டாக்டர், அவசியம் வாங்க" என்றார்.