அந்த கவுன் வெள்ளை இல்லை

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு முடிச்சூர் தேவராஜ் கூப்பிட்டார். "அண்ணா, ஜுலைகா அக்கா போய்ட்டாங்கண்ணா" என்றார். வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கலாம் என்று கீழ்க்கட்டளையில் அக்காவின் கடைக்குப் போயிருக்கிறார். ஷட்டர் இறங்கியிருந்தது, அதன்மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்தால், ஞாயிறு காலையில் நெஞ்சுவலி, அன்றைக்கே அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்களாம். அந்த ஞாயிறு சாயங்காலம்தான் நம் குழுவில் அக்காவின் படம் வரவில்லை என்று, "அக்கா இன்னைக்கு ஆப்சென்ட், பெஞ்சு மேல ஏத்துங்க" என்று நான் எழுதியிருந்தேன். எல்லோரும் சிரித்திருந்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைப் படங்கள் மீது பைத்தியம் பிடித்த இருபது பேர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். தாம்பரம், மேடவாக்கம், முடிச்சூர் என்று எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஞாயிறு மாலை ஆளுக்கொரு காட்சியின் படத்தைப் போடவேண்டும். மற்றவர்கள் இணையத்தில் தேடாமல் இன்ன படம் என்று சொல்லவேண்டும், கூடவே தெரிந்த செய்தி ஒன்றையும் சேர்க்கவேண்டும். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். குழுவின் அட்மின் என்ற முறையில் அங்கேயும் சரி, தப்பு என்று குத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து சேர்ந்தபோது, "என்ன செய்கிறீர்கள்?" என்று வழக்கம்போல விசாரித்தேன். "பெயிண்ட் கடை சார். பகல் பூரா கலரு வித்துகினு கீறேன். பாக்கற படத்துலயாவது கலரு இல்லாம இருக்கட்டுமே" என்று குரல்பதிவு அனுப்பினார். அன்றைக்கே குழு மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன்.

நாங்கள் அள்ளிவிடும் செய்திகள் பெரும்பாலும் வம்பு. எந்த நடிகைக்கு எத்தனையாவது கல்யாணம், எந்த டைரக்டர் யாரை அறைந்தார் என்பவை. அக்கா அதில் வாயே திறக்கமாட்டார். "நாம இன்னா பக்கத்து வூட்டுலயா இருந்தோம்? கண்ணுல பட்டத மட்டும் சொல்லுங்க சார்" என்பார். அவர் கண்ணில் படுவது வேறு யார் கண்ணிலும் படாது. ஒரு வரவேற்பறைக் காட்சியில் சுவரின் ஒரு பாதி மட்டும் புதிதாக அடித்தது, இன்னும் காயவில்லை, அதனால்தான் கதாநாயகன் கடைசிவரை அதில் சாயவே இல்லை என்றார். மறுபடி ஓட்டிப் பார்த்தோம். மனுஷன் சாயவே இல்லை!

தேவராஜின் சினிமா டிஸ்க்குகள் எல்லாம் இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் போய்விட்டன. அவற்றில் ஒரு படத்தின் பெயரும் அவருக்கு மறந்துபோனது. ஒரு மாடிப்படி, ஒரு நாய், இவ்வளவுதான் ஞாபகம். நாங்கள் நாலு பெயர் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டோம். அக்கா விடவில்லை. "நாய் படியில எறங்குச்சா, ஏறுச்சா? கைப்பிடி மரமா, இரும்பா?" என்று தேவராஜைத் துளைத்தெடுத்து, பதினோராவது நாள் படத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். தேவராஜ் அன்றைக்கு அழுதுவிட்டதாக அவரே எழுதினார்.

அக்காவுக்குக் கோபமும் வரும். மேடவாக்கத்து நண்பர் ஒருவர் பழைய படமொன்றுக்குக் கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றிய துண்டைப் போட்டார். அக்காவிடமிருந்து உடனே பதில். "இன்னா சார் இது, ப்ரைமர் கூட அடிக்காம மேல பூசி வச்சிகீறாங்க!" அதற்குப் பிறகு எவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். குழுவில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

போன வருஷம் அக்கா எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். நமக்கெல்லாம் பிடித்த ஒரு நடனக் காட்சி. கதாநாயகி வெள்ளை கவுனில் சுழல்வாள். "அது வெள்ளை இல்ல சார். அதே வெளக்குல கூட ஆடற ஆளோட சட்டை கண்ணக் கூசுது, கவுன் கூசல பாருங்க" என்றார். கடையில் இருக்கும் ஷேடு கார்டை, அதுதான் வண்ணங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் அட்டை, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, அந்தச் சாம்பல் நிறங்களோடு கவுனை ஒப்பிட்டிருக்கிறார். "இளம்பச்சை, இல்லாட்டி இளமஞ்சள். ரெண்டுல ஒண்ணு. அதுக்கு மேல சொல்ல முடியாது" என்று முடித்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும் பெரிய ஆங்கிலக் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே போய், கவுன் இளம்பச்சை என்று, ஜெராக்ஸ் விவரத்தோடு, நானே கண்டுபிடித்ததாக எழுதிவிட்டேன். திருட்டுதான், வேறென்ன? பாராட்டுகள் குவிந்தன. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கைகுலுக்க ஆசைப்படுவதாக எழுதினார். இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. மூன்றாம் நாள், இதயம் போட்டவர்களின் வரிசையில் ஒரு பெயரைப் பார்த்தேன். ஜுலைகா, கீழ்க்கட்டளை. அக்காவும் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்.

பஸ் பிடித்து நேரே கடைக்குப் போனேன். அக்கா ஒருவருக்கு டிஸ்டெம்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஒக்காருங்க சார். பேரு கெடக்குது. தப்பா எழுதிட்டீங்களே, அதான் பேஜாரா கீது."

"எது தப்புக்கா?"

"நான் ரெண்டுல ஒண்ணுன்னு சொன்னேன். நீங்க ஒண்ணாக்கிட்டீங்க. நம்பி நாலு பேரு எழுதிகினு போவாங்க இல்ல? அத மொதல்ல மாத்துங்க."

வெட்கத்தில் டீகூடக் குடிக்காமல் வந்தேன். அன்றே 'அல்லது இளமஞ்சள்' என்று திருத்தினேன். நேர்மையான மனிதர் என்று அதற்கும் என்னைப் பாராட்டினார்கள். என் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் எப்போதும்போல, "சார், ஈஸியா கேக்காதீங்க" என்று என்னைச் சீண்டிக்கொண்டுதான் இருந்தார். எவ்வளவு பெரிய மனசு! எனக்கு அது வாய்க்கவில்லை.

தேவராஜ் போன் செய்த அன்று மதியம் அந்தப் பெரிய குழுவில் உண்மையை எழுதினேன். கண்டுபிடித்தவர் பெயர் ஜுலைகா, பெயிண்ட் கடைக்காரர், நான் அவரிடமிருந்து திருடினேன், ஞாயிறன்று அவர் காலமாகிவிட்டார் என்று. நான் பயந்த வசவு அதிகம் வரவில்லை. யார் இவர், இன்னும் என்னவெல்லாம் சொன்னார் என்றுதான் கேட்டார்கள். தெரியாத ஊர்களிலிருந்து தெரியாத மனிதர்கள் அவருடைய பெயரை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள்.

வியாழக்கிழமை கடை திறந்ததும் தேவராஜ் போய் இதையெல்லாம் அக்காவின் மூத்த மகன் ரியாஸிடம் காட்டியிருக்கிறார். நம் குழுவில் அக்கா அனுப்பியவற்றையும் காட்டியிருக்கிறார். அன்று மாலை ரியாஸ் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"சார், அம்மாக்கு இதெல்லாம் தெரியும்னு எங்களுக்கே தெரியாது சார். போனப் பாத்துகினு தனியா சிரிப்பாங்க. சீரியல் பாக்கறாங்கன்னு நானும் தம்பியும் ஓட்டுவோம். அவங்களும் ஆமான்னுடுவாங்க." பிறகு சொன்னார்: "நீங்க அப்பவே அம்மா பேர எழுதியிருந்தா எங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், நாங்களும் கூட ஒக்காந்து பாத்திருப்போம் சார்."

அதில் துளி கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

நண்பர்களே, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லும் பழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று எழுதி முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அது பொய். என்னிடம் மிஞ்சியிருப்பது ரியாஸ் சொன்ன அந்த வார்த்தைதான். ஒரு வருஷம் முழுக்க, இரண்டு பிள்ளைகள் தங்கள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கலாம். நான் ஒரு பெயரை எழுதவில்லை. அக்கா தனியாகவே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.