பந்துக்கு வந்த காய்ச்சல்

என் வீட்டுக் கூடத்தில், கல்யாணப் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே, ஒரு காய்ச்சல் சார்ட் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தகரக் கிளிப்பில் மாட்டியிருக்குமே, கட்டம் போட்ட தாள், அதுதான். புள்ளிகள் மேலேயே நின்று வரிசையாகப் போகும். ஓரிடத்தில் மளமளவென்று இறங்கி, நார்மல் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு டாக்டர் எழுதிய இரண்டு வரி. டாக்டர் கையெழுத்து என்பதால் போன வாரம் வரை யாரும் அதைப் படித்ததில்லை. திண்டுக்கல்லில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்கு இம்புட்டு நாள் காய்ச்சல்?" என்று கேட்பார்கள். "ஒரு பந்துக்கு" என்பேன். பாவம், ரிட்டயர் ஆனதிலிருந்து இப்படித்தான் என்ற முகத்தோடு மீதிக் காபியைக் குடித்து முடிப்பார்கள்.

எழுபதுகளின் பின்பாதியில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி மேட்ரன் அம்மா; அவருடைய கணவர்தான் பெரிய டாக்டர். வார்டில் அவர் "மேட்ரன்" என்பார், இவர் "டாக்டர்" என்பார். வார்டு வாசலைத் தாண்டிவிட்டால் "என்னங்க", "ஏம்மா". இந்த எல்லைக்கோட்டை இருவரும் ஒருநாளும் மீறிப் பார்த்ததில்லை. மேட்ரன் அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, பெரிய கைக்கடிகாரம். எங்களில் யாராவது நோயாளியின் நெற்றியைத் தொட்டுவிட்டு "லேசாத்தான் சுடுது" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். "நெத்தியில கைய வச்சுச் சொல்றதுக்கு அவுக ஆத்தா போதும். ஒனக்கு எதுக்குச் சம்பளம்? தெர்மாமீட்டர வை" என்பார். வார்டுக்குள் அவர் வந்தால் காய்ச்சல்கூடக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அவர்கள் இருவருக்கும் ஞாயிறு ஆராதனைக்கு அடுத்தபடியாக இருந்த ஒரே ஆசை கோல்ஃப். எனக்கு அப்போது அந்த ஆட்டத்தின் மேல் மரியாதை கிடையாது. பணமுள்ளவர்கள் நடப்பதற்குச் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்திருந்தேன். தூரத்திலிருந்து பலமாக அடித்துப் பந்தைக் கொண்டுவருவது ஒரு பாதி. குழியைச் சுற்றி, தலைமுடியை ஒட்ட வெட்டியது போல ஒரு புல்தரை இருக்கும். அதைக் கிரீன் என்பார்கள். அங்கே பந்தை மெதுவாகத் தட்டிக் குழிக்குள் உருட்டிவிட வேண்டும். அது மறுபாதி; பட் என்று பெயர். மானம் போவதெல்லாம் இந்த மறுபாதியில்தான்.

சீசனில், மே மாதம், இரட்டையர் போட்டி ஒன்று நடக்கும். ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடிக்கு ஒரே பந்து; ஓர் அடி அவர், மறு அடி இவர். அந்த வருடம் கடைசிக் குழியில், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பந்தை மேட்ரன் அம்மா தட்டினார். அது குழியின் உதட்டைக்கூடத் தொடாமல் ஓரமாகப் போனது. கோப்பையும் போயிற்று. தேநீர் வேளையில், எல்லார் முன்னாலும், டாக்டர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருசம் நான் வேற ஆளப் பாத்துக்கிறேம்ப்பா" என்று சொல்லிவிட்டார். காப்பித் தோட்டத்து மேனேஜரின் மனைவி நன்றாக ஆடுவார் என்றும் சேர்த்துக்கொண்டார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் முள்ளில் விழுந்த சேலைக்கு முள் வேடிக்கையாகக் குத்தியதா, வினையாகக் குத்தியதா என்பதா முக்கியம்? அன்று சாயங்காலம் வீட்டில் மேட்ரன் அம்மா சொன்னாராம்: "இன்னொரு தடவ ஒங்க கூட ஆடுறேங்க. அதுலயும் விட்டேன்னா நானே வெலகிக்கிறேன். அப்புறம் மட்டையத் தொட மாட்டேன்." டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றாராம். அந்தத் தூக்காத தலைதான் தன்னை அதிகம் உறுத்தியது என்று மேட்ரன் அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார்.

ஜனவரியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, நாளைக்கு வெள்ளனே எந்திரி. ஒரு சோலி இருக்கு. டாக்டருக்குத் தெரிய வேணாம்." பால் எடுக்கப் போகும் ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறிக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். பழகுவதற்கென்றே ஒதுக்கியிருந்த சின்னக் கிரீனில் புல் தெரியவில்லை, பனிதான் தெரிந்தது. எனக்குக் கொடுத்த வேலை எண்ணுவது. நாலடித் தூரத்திலிருந்து பத்துப் பந்து; எத்தனை உள்ளே, எத்தனை வெளியே. ஒருநாள் ஆறு விழும், மறுநாள் மூன்று, அதற்கடுத்த நாள் ஐந்து. ஒரு மாதம் எண்ணியும் ஒரு மண்ணும் புரியவில்லை. விரல் விறைத்துப்போன எரிச்சலில் நான், "மேட்ரன், இது காய்ச்சல் இருக்கு, இல்லைன்னு மட்டும் எழுதுற மாதிரில இருக்கு. எத்தன டிகிரின்னு யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்துவிட்டார். மறுநாள் சேலை முந்தானைக்குள்ளிருந்து இரண்டு பொருள்கள் வெளியே வந்தன: பிள்ளைகளின் தலைச்சுற்றளவை அளக்கும் டேப், ஒரு புது காய்ச்சல் சார்ட்.

அதன்பின் வேலை சூடு பிடித்தது. நார்மல் கோடுதான் குழி. பந்து குழிக்கு மேட்டுப் பக்கமாக விலகிப் போனால் கோட்டுக்கு மேலே. பள்ளத்துப் பக்கமாகப் போனால் கோட்டுக்குக் கீழே. ஓர் அங்குலத்துக்கு ஒரு கட்டம். பத்துப் பந்தையும் அளந்து, சராசரி பார்த்து, நாளுக்கு ஒரு புள்ளி வைப்பேன். சில நாள் காட்டெருமை நடந்த குளம்புக் குழிகளைக் காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும். புள்ளிகள் சேரச் சேர எனக்கே ஆவல் தாங்கவில்லை. வார்டில் ஊசி போடும்போதுகூட நாளைக்கு எத்தனை அங்குலம் என்ற நினைப்பாகவே இருந்தது.

ஒருநாள் டியூட்டி அறையில் மேட்ரன் அம்மா அந்த சார்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதப் பாரு. கோட்டுக்குக் கீழ ஒரு புள்ளிகூட இல்ல. கையி சரியில்லைன்னா மேலயும் கீழயுமா மலேரியா மாதிரி தாவணும். இது டைபாய்டு கணக்கா மேலயே நிக்குது. அப்ப காரணம் ஒண்ணுதான்." என்ன காரணம் என்று கேட்டேன். "அதத்தான் நாளைக்குப் பாக்கணும்" என்றார்.

அந்தக் காரணத்தைப் பனி காட்டிக்கொடுத்தது. பனி படிந்த புல்லில் பந்து உருண்டால் அதன் தடம் கரும்பச்சைக் கோடாக அப்படியே நிற்கும். இத்தனை நாளும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் தடத்தைப் பார்த்தோம். பத்துக் கோடும் ரூல் தடி வைத்து இழுத்ததுபோல நேராக, குழியின் மேட்டுப் பக்கமாகப் போயிருந்தன. ஒன்றுகூட வளையவில்லை. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்த மைதானத்தில் ஆடுகிற எல்லாருக்கும் ஒரு வேதவாக்கு உண்டு: "பந்து எப்பவும் பெரியகுளத்துப் பக்கம் இழுக்கும்." மலை செங்குத்தாக இறங்கிப் பெரியகுளம் தெரிகிற திசையில் பந்து தானாகச் சாயுமாம். அதனால் குழிக்கு நேரே அடிக்கக்கூடாது, கொஞ்சம் மேட்டுப் பக்கமாக அடிக்க வேண்டுமாம். புதிதாகச் சேர்கிறவருக்கு மட்டை பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். தூரத்துப் பந்துக்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். நாலடித் தூரத்துப் பந்துக்குப் பெரியகுளத்தில் என்ன வேலை? மேட்ரன் அம்மா தடங்களுக்கு நடுவே நின்று சிரிக்க ஆரம்பித்தார். "இத்தன வருசமா நெத்தியில கைய வச்சே பாத்திருக்கோம் புள்ள. நானுந்தான்!" அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாளிலிருந்து குழிக்கு நேரே அடித்தார். பழக்கம் விடாமல் கை சில நாள் மேட்டுக்கே போயிற்று. பிறகு புள்ளிகள் இறங்கின. இறங்கி, கோட்டில் உட்கார்ந்தன.

இடையில் என் புத்திசாலித்தனத்தால் ஒரு கூத்து நடந்தது. அவசரத்தில் அந்த சார்ட்டை வார்டு சார்ட்டுகளோடு சேர்த்து வைத்துவிட்டேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதைக் கையில் எடுத்துவிட்டார். "யாரு இது? இத்தன வாரமா காய்ச்சல் மேலயே நின்னுருக்கு, எனக்கு ஒருத்தரும் சொல்லலையே?" மேட்ரன் அம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. "வெளி நோயாளி, டாக்டர். நானே பாத்துக்கிட்டேன்." "எறங்கியிருக்கே, என்ன மருந்து குடுத்தீங்க?" "புதுசா ஒண்ணும் குடுக்கல. ஏற்கனவே சாப்பிட்டுக்கிட்டு இருந்தத நிறுத்தினேன்." டாக்டர் மறுபடி புள்ளிகளைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப அந்த மருந்துதான் நோயே" என்று சொல்லி சார்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அன்றைக்கு நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கும் அந்த வார்டின் லினன் அலமாரிக்கும்தான் தெரியும்.

மே மாதம் வந்தது. டியூட்டி இல்லாத நர்ஸ்கள், ஆயாக்கள், ஜீப் டிரைவர் எல்லாரும் வேலியோரம் நின்றோம். கடைசிக் குழிக்கு வரும்போது இவர்களும், அந்தக் காப்பித் தோட்டத்து மேனேஜரும் மனைவியும் சமம். அவர்கள் முதலில் முடித்துவிட்டார்கள். கிரீனின் ஓரத்திலிருந்து டாக்டர் தட்ட வேண்டிய முறை. வேதவாக்கை மறக்காமல் மேட்டுப் பக்கமாகத் தாராளமாக அடித்தார். பந்து பெரியகுளத்துக்கு வர மறுத்து, மேட்டுப் பக்கத்திலேயே, குழிக்கு நாலடி தள்ளி நின்றுவிட்டது. இனி மேட்ரன் அம்மாவின் அடி. விழுந்தால் கோப்பை, விழாவிட்டால் மட்டைக்கு முழுக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து வேலியோரம் நின்ற எங்களை மூடிற்று; குழிக்குள் நட்டிருந்த கொடி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. டாக்டர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில், "ஏம்மா, பாத்து. பெரியகுளத்துப் பக்கம் இழுக்கும்" என்றாராம். மேட்ரன் அம்மா நிமிரவே இல்லையாம். "நெத்தியில கைய வச்சுச் சொல்லாதீங்க" என்றாராம். கோல்ஃப் மைதானத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் யோசித்து முடிப்பதற்குள் பந்து கிளம்பிவிட்டது. நேராகப் போயிற்று. டொக்கென்று விழுந்த சத்தம் மஞ்சுக்குள்ளிருந்து எங்களுக்குக் கேட்டது.

கோல்ஃபில் கத்தக்கூடாதாம், மெதுவாகக் கைதட்ட வேண்டுமாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? வட்டக்கானல் ஆயா போட்ட குலவை மலைச்சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. தொப்பி போட்டவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன். பந்து குழிக்குள் விழுந்ததற்கு அழுவேன் என்று அதற்கு முந்தின வருடம் யாராவது சொல்லியிருந்தால் அவர்களுக்கு தெர்மாமீட்டர் வைத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் மேட்ரன் அம்மா சார்ட்டை டாக்டரின் மேஜைமேல் விரித்தார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை விரலை ஓட்டினார். "வெளி நோயாளி" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பேனாவைத் திறந்து, டிஸ்சார்ஜ் குறிப்பு எழுதும் இடத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சார்ட்டில் அவர் தமிழில் எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான். எண்பதுகளில் அவர்கள் மலையை விட்டு இறங்கியபோது, கோப்பையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், சார்ட்டை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளாம். டாக்டர்கள் கையெழுத்தைப் படிப்பதுதான் அவள் பிழைப்பே. கண்ணாடியில் மூக்கு படாத குறையாகக் குனிந்து, எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்துவிட்டாள்:

"நோயாளி பூரண குணம். அடுத்த வருடமும் இவரோடுதான் ஆடுவேன், இவர் சம்மதித்தால்."