போடியாரின் ஜீப்பில் பூட்டிய ரேடியோ

சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு ஊருக்கு நிறையச் சாமான்கள் வந்தன. கூடாரம், போர்வை, பால்மா. அவற்றோடு இரண்டு ரேடியோ செட்டும் வந்தன. பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல. மைக்கை அமுக்கிக் கதைத்தால், மற்றச் செட்டில் இருப்பவர் பதில் சொல்லலாம். ஒன்றை ஆஸ்பத்திரியில் வைத்து, மற்றதை நிவாரணச் சங்கத்து ஜீப்பில் பூட்டவேண்டும், மாரியில் பாதை அறுந்தால் நோயாளிகளைப் பற்றி அறிவிக்கவேண்டும் என்பது தந்தவர்களின் எண்ணம். அவர்களுக்கு எங்கள் போடியாரைத் தெரியாது.

போடியார்தான் சங்கத்துக்குத் தலைவர். பேருக்கேற்ற நிலக்காரர்: இறக்காமத்தில் ஏக்கர் கணக்கில் வயல், கல்முனையில் நெல் மில். சங்கத்து ஜீப் எந்நேரமும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஆஸ்பத்திரிக்கு வந்த செட்டைப் “பாதுகாப்புக்காக” என்று சொல்லித் தன் மில் கந்தோரில், கிளாக்கரின் மேசையில் வைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு என்ன மீன் என்று வயலிலிருந்து கேட்க அது வசதியாக இருந்தது.

நான் அப்போது அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸி. ஜீப்புக்கு ரேடியோ பூட்டிய அன்று, அதில் இறக்காமம் கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்ததால் நானும் வயரிங் கடையில் காத்து நின்றேன். கடைக்கார மெக்கானிக், வயரிங் பாஸ், பெட்டரியிலிருந்து நேராக இழுப்பதற்குத் தடித்த வயரை அளந்து வெட்டி, பியூஸும் கோத்து வைத்திருந்தார்.

“சிவப்பு ப்ளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. கதைக்கக்குள்ள இது கரண்ட நல்லா இழுக்கும் போடியார். நேரா பெட்டரிக்குத்தான் குடுக்கணும்.”

“தகட்டுல ஓட்டை போடப் போறியா?”

“சின்ன ஓட்டை ஒண்டு. வயர் உள்ளுக்கு வரணுமே.”

“ஓட்டையும் வேணாம், ஒண்டும் வேணாம். உள்ளுக்கே எதுலயாவது கொழுவு. வயர் வெளிய தெரியப்படாது.”

பாஸ் வைப்பருக்குப் போகிற வயரில் கொழுவினார். அது தாங்காது என்றும் சொன்னார். போடியார் அதைக் கேட்கவில்லை. ஏரியலை மட்டும் நல்ல உயரமாக வைக்கச் சொன்னார், பள்ளிவாசலடியில் நிற்பவர்களுக்கும் தெரியவேண்டுமாம். வெட்டிய வயரை வீசாமல், ஊரே அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற டிரைவர் சீட்டுக்கடியில் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போடியாரின் கதையே மாறிவிட்டது. தேத்தண்ணிக் கடையில்கூட ஒவ்வொரு வசனமும் முடிய “ஓவர்” என்றார். கேட்டவர்கள் பல்லைக் காட்டினார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாரியில் ஒரு பகல், இறக்காமத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. இரத்தம் நிற்காமல் போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். இனி ஆஸ்பத்திரிதான். வெளியே கொட்டு மழை. பஸ் இல்லை. வயல் பார்க்க வந்திருந்த போடியாரின் ஜீப் தெருமுனையில் நின்றது. ஓடினேன்.

விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது இதுதான்: “சீட்டெல்லாம் பழுதாப் போகுமே மிஸ்ஸி.”

அந்தப் பெண்ணின் புருசனும் டிரைவர் காக்காவும் அவளைப் பாயோடு தூக்கிவந்து பின்னால் கிடத்தினார்கள். பிள்ளையை அவளின் உம்மா பிடித்துக்கொண்டாள். போடியார் முன் சீட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வயல் வட்டைக்கு நடுவே கொஞ்ச தூரம் போயிருப்போம். பாதைக்கு மேலால் வாய்க்கால் பாய்ந்துகொண்டிருந்தது. ஜீப் அதைக் கடக்காது, உழவு மெசின்தான் கடக்கும். போடியார் மைக்கை எடுத்துக் கம்பீரமாக அமுக்கினார். “ஹலோ, தலைவர் கதைக்கிறன், ஓவர்.”

வைப்பர் பாதி வழியில் நின்றது. ரேடியோவின் விளக்கும் அணைந்தது. அவர் மைக்கை உதறினார், ஊதினார், மறுபடி அமுக்கினார். “சாமான் சரியில்ல” என்றார்.

“பியூஸ் போயிட்டு. வைப்பரும் ரேடியோவும் ஒண்டா இழுத்தா எப்படித் தாங்கும்?” என்றார் டிரைவர் காக்கா. மாற்றுப் பியூஸ் இல்லை.

“காக்கா, அந்த வயர் எங்க?” என்று கேட்டேன்.

அவர் சீட்டுக்கடியிலிருந்து வயரை எடுத்துவிட்டுப் போடியாரின் முகத்தைப் பார்த்தார். சம்பளம் அந்த முகத்திலிருந்துதானே வருகிறது. நான் வயரைப் பறித்துக்கொண்டு மழையில் இறங்கிப் பொனட்டைத் தூக்கினேன்.

“பொனட்டத் தொறக்காத, தண்ணி போகும்! பொம்புளைக்கு இதுல என்ன வேல?”

“வாய மூடிட்டு இரிங்க போடியார்!” என்று கத்தினேன். அப்படி யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். மூடிக்கொண்டார்.

சிவப்பு ப்ளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. கை இரத்தமும் மழையுமாக வழுக்கியது. வயரின் மற்ற முனையை ஜன்னலால் கொடுத்தேன். டிரைவர் காக்கா பழைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு அதை முறுக்கிக் கட்டினார். விளக்கு எரிந்தது. மைக்கை நானே எடுத்தேன்.

மறுபக்கத்தில் மில் கிளாக்கர். “போடியார், இண்டைக்கு நல்ல பாரை மீன் வந்திரிக்கி, ஓவர்.”

“மீனும் கீனும்! மிஸ்ஸி கதைக்கிறன். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அம்புலன்ஸ் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கட்டும். வழியில ஆருடயாவது உழவு மெசின் ஒண்டக் கையோட கூட்டி வாங்க.”

அந்த மனிதர் உண்மையிலேயே ஓடினார். மெசின் வருமட்டும் நான் அவளின் அடிவயிற்றைப் பிடித்துவிட்டபடி, கண்ணை மூடவிடாமல் கதை கொடுத்துக்கொண்டே இருந்தேன். மெசினின் பின்பெட்டியில் ஏற்றித் தண்ணீரைக் கடந்தோம். அவள் பிழைத்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். பெண்கள் பக்கத்தில், திரைக்குப் பின்னால் நான் இருந்தேன். ரேடியோவின் உதவியால் ஓர் உயிரைக் காப்பாற்றியவர் என்று போடியாருக்கு மாலை விழுந்தது. அவரும் எழும்பி, அந்த மழையில் தான் என்னவெல்லாம் செய்தார் என்று விரிவாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன்: “போடியார், பெட்டரியில வயரக் கொழுவினது ஆரு?”

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அந்தச் சில்லறை வேலையெல்லாம் தலைவர் பாக்கிறதில்ல மிஸ்ஸி” என்றார். சபை சிரித்தது. அவரைப் பார்த்து அல்ல.

மறுநாளே அந்த வயரைக் கழற்றச் சொல்லிவிட்டாராம், பார்வைக்கு அசிங்கமாம். ரேடியோ ஒரு பொம்மையாக முன்னால் இருந்தது. ஏரியல் மட்டும் காற்றில் ஆடியது. பெரிய டாக்டர் ஒருநாள் மில்லுக்கே போய்ச் சத்தம் போட்டு ஆஸ்பத்திரிச் செட்டை வாங்கிவந்தார். வாங்கி என்ன, கேட்பதற்கு மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

பிள்ளைக்கு ஊசி போட அந்தப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். “போடியார்தான் என்னக் காப்பாத்தினதெண்டு ஊரெல்லாம் கதைக்கிறாங்க மிஸ்ஸி” என்றாள்.

“நீ என்ன சொன்னாய்?”

“எனக்கு அண்டைக்குக் கண்ணுதான் இருட்டினது. காது நல்லாக் கேட்டது” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் தொடையை ஊசிக்கு நீட்டிப் பிடித்தாள்.